நூற்றுக்கு எழுபத்தெட்டு

கடன் கேட்டுப் போனவளிடம்
கடனைப் பற்றிப் பேசவே இல்லை
ஐந்து ரோடு கிளையின் லூர்துமேரி மேடம்.
போன வருட விற்பனையை ஆள்வாரியாகச் சொல்லச் சொன்னார்.
என் ஸ்டாக் ஸ்டேட்மென்டின் முதுகில் ஒரு வட்டம் போட்டு
கரூர்த் துண்டுக் கம்பெனிக்குப் பென்சிலால் தீற்றினார்.
தீற்றிக்கொண்டே இருந்தார்.
கடைசியில் ஒரு மாங்கீற்று அகலத்துக்குத்தான்
வெள்ளை மிஞ்சியது.
"நூத்துக்கு எழுபத்தெட்டு.
இது கம்பெனியா, கரூர்க்காரங்க குடோனா?"

கோபம் வந்தது எனக்கு.
பதினோரு வருடத்தில் ஒரு செக் திரும்பியதில்லை.
மழையானாலும் பந்த் ஆனாலும்
நாற்பத்தைந்தாம் நாள் பணம்.
தீபாவளிக்கு அவர்கள் அனுப்பிய இனிப்புகூட
எங்கள் பெட்டியில்தான் வந்தது.
மூலை மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு
மைசூர்பாகை ஆட்களுக்குக் கொடுத்தேன்.

மாமாங்கத்துக்கு அப்பால் எங்கள் ஷெட்.
வெயில் நாளில் ஏற்காட்டு மலை எங்கோ கிடக்கும்.
மழை கழுவிய மறுநாள்
காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும்.
அப்படித்தான் பங்குனியில் வந்து நின்றது அந்த மெயில்.
புது பர்ச்சேஸ் மேனேஜர்.
இனித் தொண்ணூறு நாள்.
பாதித் துண்டுக்குப் பெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் பை.
போனில் குரல் பூப்போல இருந்தது:
"உங்க மேல ஒரு குறையும் இல்லைங்க மேடம்."
குறை இருந்தால் திருத்தியிருப்பேனே.

வராத பணத்துக்கு
இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. கட்டினேன்.
காகித ரோல்காரர் உட்காராமல் பேசினார்.
மரவள்ளிக் கோந்து டிரம்மில் ஆடை கட்டியது.
சனிக்கிழமைக் கூலிக்காகச் செவ்வாய்ப்பேட்டையில்
இரண்டு வளையல் ஒரு ரசீதாயிற்று.
பச்சமுத்து எதுவும் கேட்கவில்லை,
ஓடாத மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
ஏசுவார்கள்.
நான் இரண்டையும் ஆற்றிலேயே வைத்திருந்தேன்,
தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று.
இப்போது
சேறு எங்கே சேறு எங்கே என்று
மொபெட்டில் அலைந்தேன்.

வரகம்பாடி இருசப்பன் போன சித்திரையில் வந்திருந்தார்,
ஐந்து கிலோ மாம்பழப் பெட்டி, நானூறு.
இரண்டாயிரத்துக்குக் குறைந்து ஓட்டுவதில்லை என்றேன்
கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.
நாற்காலி காட்டவில்லை.

அவர் தோப்பில் எனக்கு நாற்காலி வந்தது.
அதுதான் சுட்டது.
"பிராந்திக்கடை அட்டையில போட்டு அனுப்புனேன்,
பழம் வேர்த்துப்போச்சு.
பக்கத்துக்கு ஆறு ஓட்டை போடும்மா, அது மூச்சு விடணும்."
முந்நூறு பெட்டிக்கு முன்பணம்:
மாம்பால் கறை ஏறிய நூறு ரூபாய் நோட்டுகள்.
எண்ணி முடித்தபோது விரலோடு விரல் ஒட்டியது.

லாபம் பெட்டிக்கு ஒன்றேகால் ரூபாய்.
ஏற்காட்டு மிளகுக்கு நூற்றைம்பது,
உள்ளங்கை அளவில் கொலுசுப் பட்டறைக்கு எண்பது
(அளவு தப்பி அத்தனையும் திரும்பின).
நெத்திமேட்டு ஊறுகாய்க்காரர் இன்னும் தரவில்லை,
போனையும் எடுப்பதில்லை.
நூறு பேரிடம் கேட்டு வாங்குவது எப்படி என்று
ஐம்பத்திரண்டு வயதில் பழகுகிறேன்.
கரூருக்கும் லோடு போகிறது,
வேண்டாம் என்று சொல்ல நான் யார்.

ஆடியில் மேடம் மறுபடி கணக்குப் போட்டார்.
அறுபத்தொன்பது.
பாதி, நான் கூடியதால்.
பாதி, அவர்கள் குறைந்ததால்.
"இன்னும் குடோன்தான்," என்றார்,
பைலை மூடவில்லை.

அன்று ராத்திரி நீலம் பழத்தின் கடைசி லோடுக்குப்
பச்சமுத்து துளை போட்டுக்கொண்டிருந்தான்.
ஒவ்வொரு அடிக்கும் அட்டையிலிருந்து
ஒரு சில்லு உதிர்ந்தது.
விளக்குமாற்றோடு வந்த பெண்ணை
கொஞ்சம் இரு என்றேன்.
தரை முழுக்க,
எட்டணா அகலத்தில்,
வட்டங்கள்.